ஆறடி மூணு அங்குலத்துக்கு எங்கே சைக்கிள்?

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணி. ஈ.சி.ஆரில் கோவளம் பக்கம் ஏதாவது ஒரு டீக்கடை ஓரம் நின்று பாருங்கள். ஹெல்மெட்டும் பளபள சட்டையுமாக ரோடு பைக் கூட்டம் மாமல்லபுரம் நோக்கிச் சர்ர்ரென்று போகும். திருவான்மியூரிலிருந்து கிளம்பினால் போக வர ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். முதல்வராகப் பொறுப்பேற்ற இரண்டே மாதத்தில், 2021 ஜூலையில், மு.க.ஸ்டாலின் இதே சாலையில் சைக்கிள் மிதித்து, வழியில் டீ குடித்த படங்கள் அன்று எல்லோர் போனிலும் சுற்றின.

அந்தக் கூட்டத்தில் சில நாள் வெளிநாட்டுக்காரர் ஒருவரும் இருப்பார். தம்பியின் சைக்கிளைப் பிடுங்கிக்கொண்டு வந்த அண்ணன் மாதிரி தெரிவார். சீட் பனைமரம்போல ஓங்கி நிற்கும். ஹேண்டில் பார் எங்கோ பள்ளத்தில் கிடக்கும். பார்ப்பவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். அறுபதாவது கிலோமீட்டரில் அவருக்கு என்ன ஆகிறது என்பது அவர் முழங்காலுக்குத்தான் தெரியும்.

செங்கல்பட்டு மாவட்டத்தில் இப்படிப்பட்டவர்கள் இருப்பது ஆச்சர்யமில்லை. மகேந்திரா வேர்ல்டு சிட்டியில் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ 2007-ல் தன் கார் தொழிற்சாலையைத் திறந்தது. சுற்றுவட்டாரம் முழுக்க வாகனத் தொழில். வேலை நிமித்தம் இரண்டு, மூன்று வருடம் தங்க வருபவர்கள் உண்டு. மாமல்லபுரத்துக்குச் சுற்றிப் பார்க்க வந்து மாதக்கணக்கில் தங்கிவிடுபவர்களும் உண்டு. அப்படி வந்த ஒரு பொறியாளர், உயரம் ஆறடி மூணு அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். சொந்த ஊரில் வாராவாரம் சைக்கிள் ஓட்டியவர். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போனால் சுமார் முப்பது கிலோமீட்டர். வழியில் மலைக்கோயில், முடிவில் கடல். இதைவிட என்ன வேண்டும்? கிளம்ப ஒரு சைக்கிள்தான் வேண்டும்.

கடைக்குப் போகிறார். ரோடு பைக் இருக்கிறது, பிராண்டும் நல்ல பிராண்ட். அளவு? எஸ், எம். அதிர்ஷ்டம் இருந்தால் எல். எக்ஸ்எல் கேட்டால், 'சீட்டைத் தூக்கிக்கலாம் சார்' என்பார் கடைக்காரர்.

கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை. 1996-ல் பிறந்த ஆண்களின் உயரத்தை நாடுவாரியாக ஒப்பிட்ட ஓர் உலக ஆய்வில் நெதர்லாந்தின் சராசரி 182.5 செ.மீ. இந்தியாவின் சராசரி சுமார் 165 செ.மீ. இடையில் 17 செ.மீ-க்கு மேல் வித்தியாசம். ரோடு பைக் கணக்கில் அது மூன்று சைஸ் தள்ளி. வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ விற்கும் சைஸை முதல் போட்டு வாங்கி, தூசு படிய யார் வைத்திருப்பார்கள்?

இன்னொரு காரணமும் இருக்கிறது. அந்தக் காலத்தில் ஐரோப்பிய ரேஸ் சைக்கிள்கள் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் ஒரு ஃபிரேம் என்று வந்தன. 1990-களில் பிரிட்டனின் மைக் பர்ரோஸ், தைவானின் ஜயன்ட் நிறுவனத்துக்காக டி.சி.ஆர் என்ற சைக்கிளை வடிவமைத்தார். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் கிறிஸ் போர்டுமேன் தங்கம் வென்ற லோட்டஸ் சைக்கிளுக்குப் பின்னால் இருந்த அதே பர்ரோஸ்தான். டி.சி.ஆரில் மேல் பாரைச் சரிவாக்கினார். சீட் போஸ்ட்டை நீளமாக்கினால் ஒரே ஃபிரேம் பலருக்குப் பொருந்தும், எஸ், எம், எல் என்று மூன்று அளவு போதும் என்றானது. தொழிற்சாலைக்குச் செலவு மிச்சம். உலகமே அந்த வழியில் போனது. நடுத்தர உயரக்காரர்களுக்குப் பிரச்னை இல்லை. இரண்டு ஓரத்திலும் இருப்பவர்கள் பாடுதான் திண்டாட்டம்.

சரி, ஆறடி மூணுக்கு என்ன அளவு வேண்டும்? இதற்கு உயரத்தைவிடக் காலின் உள் அளவுதான் முக்கியம். செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரில் முதுகு ஒட்டி நில்லுங்கள். கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றை இரண்டு தொடைகளுக்கும் நடுவே, சைக்கிள் சீட்டில் உட்காரும் அழுத்தத்தில் மேலே தூக்கிப் பிடியுங்கள். புத்தகத்தின் மேல் விளிம்பிலிருந்து தரை வரை அளந்தால் அதுதான் உள் அளவு. அமெரிக்க வீரர் கிரெக் லெமாண்ட் பிரபலப்படுத்திய கணக்குப்படி, அதை 0.67-ஆல் பெருக்கினால் ஃபிரேம் அளவு, 0.883-ஆல் பெருக்கினால் பெடல் அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேற்பகுதி வரையிலான உயரம். நம் பொறியாளரின் உள் அளவு 91 செ.மீ என்றால், ஃபிரேம் 61 செ.மீ, சீட் உயரம் 80 செ.மீ சொச்சம். துல்லியமான விஞ்ஞானம் இல்லை. நேரான பார் வைத்த பழைய ஃபிரேம்களுக்கான கணக்கு. ஆனாலும் எந்தப் பக்கம் தேட வேண்டும் என்று சொல்லிவிடும்.

61 செ.மீ. இந்த எண்ணை 2.54-ஆல் வகுத்துப் பாருங்கள். 24 இஞ்ச்.

இருபத்திநாலு இஞ்ச்! வீட்டில் தாத்தா இருந்தால் கேட்டுப் பாருங்கள். கறுப்பு நிற ரோட்ஸ்டர் சைக்கிள் 22 இஞ்ச், 24 இஞ்ச் என்று இரண்டு ஃபிரேம் அளவில் வந்த காலம் அவருக்கு ஞாபகம் இருக்கும். 1949-ல் தொடங்கி அம்பத்தூரில் தயாரித்த டி.ஐ. சைக்கிள்ஸின் ஹெர்குலஸும் பி.எஸ்.ஏ-வும் நம் ஊர் பால்கேனையும் நெல் மூட்டையையும் சுமந்தன. ஐந்தரை அடி அப்பாவுக்கே அந்த பார் எட்டியும் எட்டாமலும் இருக்கும். அதை எட்டு வயதுப் பிள்ளை ஓட்ட வேண்டுமென்றால்? பாருக்கு அடியில் காலை நுழைத்து, உடம்பை ஒரு பக்கமாகச் சாய்த்து, குரங்கு பெடல். 2024-ல் அந்தப் பெயரிலேயே கமலக்கண்ணன் இயக்கத்தில் ஒரு படமும் வந்தது. ஆக, குட்டையானவர்களின் ஊரில் நெட்டையான சைக்கிள் ஒரு காலத்தில் தெருவுக்குத் தெரு இருந்தது. இப்போது நெட்டையான ஒருவர் வந்து தேடுகிறார், சைக்கிள் இல்லை.

அந்தப் பழைய வண்டியையே ரோடு பைக் ஆக்கிவிடலாமா என்று சிலருக்கு யோசனை வரும். கொஞ்சம் பொறுங்கள். ரோட்ஸ்டரின் 28 இஞ்ச் சக்கரத்தின் ரிம் விட்டம் 635 மில்லிமீட்டர், ரோடு பைக்கின் 700சி ரிம் 622. டயர் மாறாது, பிரேக் கட்டை ரிம்மில் சரியாகப் படாது. எடையும் அதிகம். சதுரங்கப்பட்டினம் வரை நிதானமாக உருட்டிப் போகச் சுகமான வண்டி, அவ்வளவுதான். (17-ஆம் நூற்றாண்டில் அங்கே வந்து கோட்டை கட்டியவர்கள் டச்சுக்காரர்கள் என்பது இந்தக் கதையில் தற்செயலான வேடிக்கை.)

சின்ன ஃபிரேமில் சீட்டைத் தூக்கி ஓட்டினால் என்ன கெட்டுவிடும்? நிறைய. ஒவ்வொரு சீட் போஸ்ட்டிலும் 'இதற்கு மேல் இழுக்காதே' என்று ஒரு கோடு இருக்கும். அதைத் தாண்டினால் ஓடும்போதே போஸ்ட்டோ ஃபிரேமோ விரிசல் விடலாம். பின்னால் பஸ் வரும் சாலையில் அது நடந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. கோட்டுக்குப் பயந்து சீட்டைத் தாழ்த்தினால் முழங்கால் அதிகமாக மடங்கி, சில வாரத்தில் முன்பக்கம் வலி தொடங்கும். ஹேண்டில் பார் தாழ்ந்து கிடந்தால் உடம்பின் பாரம் உள்ளங்கையில் இறங்கும். சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போகும். மரத்த விரலால் பிரேக் பிடிக்க வேண்டியிருப்பதும் அதே ஈ.சி.ஆரில்தான்.

உயரமாக இருந்தால் ரோடு பைக்கே வேண்டாம் என்று அர்த்தமா? அயர்லாந்தின் கானர் டன் 204 செ.மீ உயரம். 2018-ல் அந்நாட்டின் ரோடு ரேஸ் சாம்பியன் அவர்தான். வண்டி சரியாக இருந்தால் உயரம் தடையில்லை.

இங்கே தேடுபவருக்கு உள்ள வழிகளில் சுலபமானது, ஊரிலிருந்து கிளம்பும்போதே பழைய சைக்கிளைக் கூட்டிக்கொண்டு வருவது. பெடலைக் கழற்றி, ஹேண்டிலைத் திருப்பி, பெட்டியில் அடைத்தால் விமானத்திலோ வீட்டுச் சாமான்களோடோ வந்துவிடும். 'அங்கே போய் வாங்கிக்கலாம்' என்று விற்றுவிட்டு வந்தவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். வந்த பிறகு வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்க வரி தனியாகக் கடிக்கும். உள்ளூரில் வாங்கினால் 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கான ஜி.எஸ்.டி 12-லிருந்து 5 சதவிகிதமாகக் குறைந்திருக்கிறது. கடையில் இல்லாத சைஸை கம்பெனியிடம் ஆர்டர் போடச் சொல்லிக் காத்திருக்கலாம். அப்போது 'எக்ஸ்எல்' என்ற எழுத்தை நம்ப வேண்டாம். ஒரு பிராண்டின் 58 இன்னொன்றின் 56 போல இருக்கும். ஒவ்வொரு மாடலுக்கும் கம்பெனி தரும் அளவுப் பட்டியலில் 'ஸ்டாக்', 'ரீச்' என்று இரண்டு எண்கள் உண்டு. பெடல் அச்சிலிருந்து ஹேண்டில் கழுத்து எவ்வளவு உயரம், எவ்வளவு முன்னால் என்பதை அவை சொல்லும். ஊரில் ஓட்டிப் பழகிய சைக்கிளின் எண்களோடு அவற்றை ஒப்பிட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுக்கலாம்.

இன்னொரு வழி, ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பும் வெளிநாட்டுக்காரர்கள். போகும் அவசரத்தில் பெரிய ஃபிரேம் சைக்கிளை விற்க அவர்களும் ஆள் தேடிக்கொண்டுதான் இருப்பார்கள். உள்ளூரில் யார் வாங்குவார்? வார இறுதி சைக்கிள் குழுக்களில் சொல்லிவைத்தால் இருவருக்கும் தகவல் போய்ச் சேரும்.

இதே கதை தலைகீழாக நம் பிள்ளைகளுக்கும் நடக்கிறது. படிக்கவோ வேலைக்கோ நெதர்லாந்து போகும் ஐந்தடிப் பெண்ணுக்கு அங்கே சைக்கிள் கடைக்குப் போனால் கால் தரையில் படாது. சிறுவர்களுக்கான வரிசையில்தான் அவளுக்கு ஏற்ற வண்டி நிற்கும். பூ டிசைன் போட்டிருந்தாலும் பரவாயில்லை, கால் ஊன்ற முடிகிற வண்டியை வாங்குவதே புத்திசாலித்தனம். சிக்னலில் விழாமல் நிற்கலாம்.

வெளிநாடெல்லாம் வேண்டாம். பதினாறு வயதில் ஆறடியைத் தொட்டுவிட்ட பையன்கள் இப்போது நம் தெருவிலேயே இருக்கிறார்கள். பிறந்தநாளுக்கு ரோடு பைக் கேட்டு அடம்பிடிக்கிறானா? கலர் பார்ப்பதற்கு முன்னால் அவனைச் சுவரோரம் நிற்க வையுங்கள். புத்தகம் மட்டும் கெட்டி அட்டையாக இருக்கட்டும். பழைய டிக்‌ஷனரி இருந்தால் அமர்க்களம்.