துரையிடம் பேசப் போகுமுன்

2021இல் சம்பள நிர்ணய சபையின் தீர்மானத்தால் நமது நாட்சம்பளம் 1,000 ரூபாவானது. அதன் பிறகு பல தோட்டங்களில் பறிக்க வேண்டிய கொழுந்தின் அளவைக் கூட்டிவிட்டார்கள் என்ற முறைப்பாடு இன்னும் ஓயவில்லை. கிலோ குறைந்தால் அரைப்பேர். ஆகவே மடுவத்தில் கழிக்கப்படும் ஒவ்வொரு கிலோவும் நமது பானையிலிருந்து எடுக்கப்படும் அரிசி.

ஒரு தோட்டத்தில் இந்தக் கழிவைப் பற்றிப் பேசத் தலைவர்மாருடன் நானும் போனேன். கையில் பதினொரு கோரிக்கைகள்: கூரைத் தகரம், குடிதண்ணீர், பிள்ளைக் காம்பரா என்று நீண்ட பட்டியல். எல்லாமே நியாயமானவை. எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினோம். துரை எல்லாவற்றுக்கும் தலையாட்டி, "பார்ப்போம்" என்றார். அத்தோடு முடிந்தது. அந்தப் பட்டியலை எழுதியவன் நான்தான்.

அடுத்த முறை ஒரே ஒரு விடயத்தோடு போனோம். கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர், மகளின் பழைய கொப்பியில் மூன்று வாரக் கணக்கு வைத்திருந்தார். திகதி, தராசு காட்டிய நிறை, கழித்த நிறை, விழுந்த பேர். அவரே பேசினார்.

"ஐயா, 12ஆம் திகதி மழை இல்லை. 22 கிலோ நிறுத்தேன். சாக்குக்கும் தண்ணீருக்கும் என்று 4 கிலோ கழித்தார்கள். 20 கிலோவுக்கு 2 குறைந்து அரைப்பேர் விழுந்தது. வெயிலில் பறித்த கொழுந்தில் தண்ணீர் ஏது?"

துரை கணக்கப்பிள்ளையைப் பார்த்தார். பதில் இல்லை. வெற்றுச் சாக்கை நம் முன்னே நிறுத்து, வெயில் நாளில் அதை மட்டும் கழிப்பதென்று அன்றே முடிவானது. மழை நாள் கணக்கு இன்னும் தீரவில்லை. அதற்கும் கொப்பி ஓடிக்கொண்டிருக்கிறது.

சத்தம் போட்டால் துரை சத்தம் அடங்கும்வரை காத்திருப்பார். கணக்கைக் காட்டினால் பதில் சொல்லியே ஆக வேண்டும். ஆகவே ஒரு சந்திப்புக்கு ஒரு பிரச்சினையை மட்டும் எடுப்போம். பாதிக்கப்பட்டவரே பேசட்டும், தலைவர் பக்கத்தில் நிற்கட்டும். எழும்பி வருமுன், "எந்தத் திகதிக்குள் செய்வீர்கள்? எழுத்தில் தருவீர்களா?" என்று கேட்போம். அங்கே நியாயம் கிடைக்காவிட்டால், அதே கொப்பி தொழில் திணைக்களத்தில் நமக்குச் சாட்சி சொல்லும்.

எழுதத் தெரியாதவர்களுக்கு வீட்டுப் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும். இன்று நிறுத்த கொழுந்திலிருந்தே தொடங்குவோம்.