சிலம்பத்துக்கு ஒரே அச்சு வேண்டாம்

மலையகச் சிலம்பத்துக்கு ஒரே பாடத்திட்டம் வகுக்க வேண்டும், எல்லா வாத்தியார்களும் ஒரே காலடி வரிசையைக் கற்பிக்க வேண்டும் என்றொரு குரலைக் கேட்கிறேன். நோக்கம் நல்லதே. போட்டி நடத்தலாம், சான்றிதழ் வழங்கலாம். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டு விழாவில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றதைக் கண்டவர்களுக்கு இந்த ஆசை எழுவதில் வியப்பில்லை. ஆயினும் இதை நான் எதிர்க்கிறேன்.

நோட்டன் பிரிட்ஜைச் சுற்றியுள்ள தோட்டங்களில் கம்பு சுழற்றுவோரின் முன்னோர் ஒரே ஊரிலிருந்து வந்தவர்கள் அல்லர். திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம் எனப் பல சீமைகளிலிருந்து முதலில் கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்கும் கொண்டுவரப்பட்டவர்கள். அவரவர் ஊர்க் கம்பும் அவர்களோடு வந்தது. ஒரு டிவிசனில் தாழ்ந்து வைக்கும் காலடியை அடுத்த டிவிசனில் நிமிர்ந்து வைத்தால் அது பிழையன்று, வரலாறு. ஏட்டில் இடம்பெறாத மக்களின் வரலாறு இப்படித்தான் உடலில் தங்குகிறது.

சீனாவைப் பாருங்கள். 1956இல் அரசின் விளையாட்டு ஆணைக்குழு யாங் மரபுத் தாய்ச்சியைச் சுருக்கி 24 அசைவுகள் கொண்ட வடிவமொன்றை வகுத்தது. உடற்பயிற்சியாக அது கோடிக்கணக்கானோரைச் சென்றடைந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் குங்ஃபூவைப் போட்டிக்காகத் தரப்படுத்தியபோது பாய்ச்சலுக்கும் சுழற்சிக்கும் புள்ளி கிடைத்தது. எந்த அசைவு எந்த அடிக்கு விடை என்ற அறிவு பின்தள்ளப்பட்டது.

"பொது வடிவம் இல்லாமல் எப்படித் தீர்ப்பளிப்பது?" என்பார்கள். கராத்தே அதற்கு விடை கண்டிருக்கிறது. உலகப் போட்டிகளுக்கான அதன் கத்தா பட்டியலில் பல மரபுகளின் வடிவங்கள் உள்ளன. வீரர் தமக்குரியதைத் தெரிவு செய்து ஆடுகிறார். சிலம்பத்தின் தொடுமுறைப் போட்டிக்கோ இச்சிக்கலே இல்லை. கம்பு உடலில் பட்டதா என்பதே அங்கு கேள்வி. காலடி எந்த வாத்தியாருடையது என்பதன்று.

ஆகவே கம்பின் நீளத்தை வரையறுங்கள். தலைக்கவசத்தைக் கட்டாயமாக்குங்கள். புள்ளி முறையை எழுதி வையுங்கள். காலடியில் மட்டும் கை வைக்காதீர்கள். பொது வடிவத்தை வகுக்கும் குழுவில் எந்த வாத்தியார் அமர்கிறாரோ அவருடையதே சரியான சிலம்பமாகும். அந்த அறைக்கு அழைக்கப்படாத முதியவர்களுடையது ஒரே நாளில் தவறாகிவிடும்.

குழு அமைக்க இருக்கும் ஆர்வத்தை, அம்முதியவர்களின் வரிசைகளை ஒவ்வொன்றாகப் படம்பிடித்து வைப்பதில் காட்டட்டும். போட்டி விதிகளை அடுத்த ஆண்டும் திருத்தலாம். வாத்தியாரோடு போன காலடி திரும்பி வராது.