தண்டல்காரனுக்குச் சிறை! வங்கிக்குச் சலாமா?

தெருமுனையிலே தண்டல்காரன் நிற்கிறான். உழைத்துக் களைத்து வருபவனிடம் அநியாய வட்டி பறிக்கிறான். அவனைத் தண்டிக்கத் தமிழ்நாட்டிலே 2003-ல் சட்டம் வந்தது. கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று பெயர் சொல்லித் தடுத்தது. மூன்றாண்டு வரை சிறை என்றது. நல்லது, வரவேற்கிறோம்! ஆனால் குளிரூட்டிய மாளிகையிலே அமர்ந்து, கிரெடிட் கார்டை நீட்டி, கொழுத்த வட்டி கேட்டால் அதற்கு என்ன பெயர்? அதற்குப் பெயர் ஒப்பந்தமாம்!

கற்பனையல்ல தோழர்களே, வழக்கு மன்றம் கண்ட உண்மை. கார்டுக் கடனுக்கு ஆண்டுக்கு 36 முதல் 49 விழுக்காடு வரை வட்டி வாங்கினார்கள். 'ஆவாஸ்' என்ற அமைப்பு முறையிட்டது. 2008 ஜூலை 7-ல் தேசிய நுகர்வோர் ஆணையம் தீர்ப்பளித்தது: தவணை தவறியவரிடம் 30 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்குவது நேர்மையற்ற வணிக முறை, மாதந்தோறும் வட்டிக்கு வட்டி போடுவதும் அப்படியே.

ஏழை மகிழ்ந்தான். வங்கிகள் விட்டனவா? உச்சநீதிமன்றம் சென்றன. பதினாறு ஆண்டுகள் உருண்டன. 2024 டிசம்பர் 20-ல் ஆணையத்தின் தீர்ப்பு தள்ளுபடி ஆயிற்று! வட்டியைக் கண்காணிப்பது ரிசர்வ் வங்கியின் வேலை, ஆணையத்தின் வேலையல்ல. நிபந்தனைகளை அறிந்தே வாடிக்கையாளர் கார்டு வாங்கினார் — இவை காரணங்கள்.

தீர்ப்பை மதிக்கிறோம். ஆனால் கேட்கிறோம்: பொடி எழுத்திலே அச்சிட்ட பக்கங்களை எந்தத் தொழிலாளி படித்துப் புரிந்து கையெழுத்திட்டான்? ஒரு வரியையேனும் மாற்றும்படி கேட்க அவனால் முடியுமா? ஒருவன் எழுத, மற்றவன் தலையாட்டுவது ஒப்பந்தமா?

ஆணிவேர் எங்கே? டில்லியிலே! வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தில் 1984-ல் 21-ஏ என்றொரு பிரிவைச் செருகினார்கள். வட்டி மிகை என்று காரணம் காட்டி எந்த நீதிமன்றமும் வங்கிக் கடனை மறுபரிசீலனை செய்யக் கூடாதாம். மாநிலத்திலே கடன் தொல்லை தீர்க்கும் சட்டம் இருந்தாலும், அது இங்கே செல்லாதாம்! நீதிமன்றத்துக்கும் பூட்டு, மாநிலத்துக்கும் பூட்டு. சாவி மட்டும் டில்லியின் மடியிலே!

எல்லாக் கதவும் அடைபட்டதா? இல்லை. 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வங்கித் தொழிலையும் சேவை என்றே சொல்கிறது. இழப்புக்குப் பொருந்தாத அபராதம், முன்கூட்டிக் கடனை அடைக்க வந்தால் வாங்க மறுப்பது — இவை நேர்மையற்ற ஒப்பந்தம் என்கிறது. அதைச் செல்லாது என அறிவிக்க மாநில ஆணையத்துக்கு அதிகாரம் தருகிறது. ஒரே குறை கொண்ட பலர் ஒன்றுகூடி முறையிடவும் வழியுண்டு. தனியாய்ப் போனால் அலைச்சல். கூட்டாய்ப் போனால் வலிமை!

எனவே, கணக்குச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். மறைத்த கட்டணத்தை ஆணையத்தின் முன் வையுங்கள். 21-ஏ பிரிவைத் திருத்து என்று நாடாளுமன்றத்தை நோக்கி முழங்குங்கள். தெருவிலே குற்றமானது மாளிகையிலே குற்றமாகாதா? விடை கிடைக்கும் வரை நாம் ஓயமாட்டோம்!