பற்றவைத்தவன் தலையில் பழியா?

"தானே" என்று ஒரு புயலுக்குப் பெயர். 2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் காலை, கடலூருக்கும் புதுவைக்கும் இடையே கரையேறிற்று. மணிக்கு 140 கிலோமீட்டர் வேகம்! பண்ருட்டிப் பலா சாய்ந்தது. முந்திரித் தோப்பு முறிந்தது. கொட்டகைத் தகரம் தாளாய்ப் பறந்தது. புயல் தானே வந்தது, தானே போயிற்று. உண்மை. ஆனால் விழுந்த கட்டடமெல்லாம் தானே விழுந்ததா?

திட்டக்குடித் தோழர்களே, இந்தக் கேள்வியை இன்று கேட்டாக வேண்டும். ஏனெனில், கிடங்கு என்றாலும் எஃகுச் சட்டம், திருமண மண்டபம் என்றாலும் எஃகுச் சட்டம் என்றாகி வருகிறது காலம். "எஃகய்யா எஃகு! எந்தக் காற்றுக்கும் அசையாது" என்று மார்தட்டுகிறார் முதலாளி. அசையாதா? கணக்கைப் பார்ப்போம்.

காற்றின் வேகம் இரட்டித்தால் அதன் அழுத்தம் நான்கு மடங்காகும். 140 கிலோமீட்டர் வேகக் காற்று, சுவரின் ஒவ்வொரு சதுர மீட்டர் மீதும் ஏறத்தாழ 90 கிலோ எடையளவுக்கு அழுத்தும். பத்து மீட்டர் நீளம், ஐந்து மீட்டர் உயரம் உள்ள சுவர் என்றால் நாலரை டன்! மேலிருந்து வரும் பாரமாயின் தூண் தாங்கிக்கொள்ளும். பக்கவாட்டில் வரும் இந்தப் பாரத்தைத் தாங்குவது யார்?

நான்கு கட்டைகளை மூலைக்கு ஒரே ஆணி அடித்துச் சட்டமாக்குங்கள். விரலால் தள்ளினாலும் சாயும். குறுக்கே ஒரு கட்டை அடித்தால் நிற்கும். ஆனால் லாரி நுழையும் வாசலில் குறுக்குக் கட்டை வைக்க முடியுமா? முடியாது. அப்போது தூணும் உத்திரமும் சேரும் மூட்டையே அசையாதபடி இறுக்கிப் பிணைக்க வேண்டும். பொறியாளர்கள் இதை 'மொமென்ட் ஃபிரேம்' என்கிறார்கள். ஆக, கட்டடத்தின் உயிர் இருப்பது மூட்டிலே!

"காற்று சரி, நமக்கெங்கே நிலநடுக்கம்?" என்பாருண்டு. 2001 செப்டம்பர் 25 அன்று புதுவைக்கு அப்பால் கடலடியில் ஏறத்தாழ 5.5 அளவில் நிலம் நடுங்கியதே, மறந்துவிட்டதா? அதே ஆண்டு ஜனவரி 26இல் குஜராத்தின் புஜ் அருகே நடுங்கிற்று. 200 கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்த அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் சரிந்தன. தூரம் காப்பாற்றவில்லை.

காற்றுக்கும் நடுக்கத்துக்கும் ஒரு வேறுபாடு உண்டு. காற்றுக்குச் சட்டம் நிரந்தரமாய் வளையாதபடியே கணக்குப் போடுகிறார்கள். நிலநடுக்கத்துக்கு அப்படிப் போட்டால் செலவு தாங்காது. ஆகவே, "வளையட்டும், விழாமல் இருந்தால் போதும்" என்கிறார்கள். 2016ஆம் ஆண்டின் இந்திய நிலநடுக்க விதிநூல், சிறப்பு வகை எஃகுச் சட்டத்துக்கு, வரக்கூடிய விசையை ஐந்தால் வகுத்துக்கொள்ள இடம் தந்தது. ஐந்தில் ஒரு பங்குக்குத்தான் பலம், மற்றவற்றுக்கு நம்பிக்கை. எதன் மேல் நம்பிக்கை? எஃகு வளையும், முறியாது என்பதன் மேல்!

விருத்தாசலத்துப் பீங்கானை அறியாதவர் நம்மில் யார்? எவ்வளவு பாரமும் தாங்கும். தாங்குமட்டும் தாங்கி, ஒரு நொடியில் உடையும். எஃகு அப்படியல்ல, வளைந்து எச்சரிக்கும் என்று உலகமே நம்பியிருந்தது. 1994 ஜனவரி 17 அன்று, அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸை அடுத்த நார்த்ரிட்ஜில் நிலம் நடுங்கியபோது அந்த நம்பிக்கையும் நடுங்கிற்று. எஃகுக் கட்டடங்கள் நின்றன, எல்லோரும் மகிழ்ந்தனர். பின்னர் பூச்சைப் பெயர்த்துப் பார்த்தால், நூற்றுக்கு மேற்பட்ட கட்டடங்களில் மூட்டுகள் விரிசல் விட்டிருந்தன! எஃகு பீங்கானாகிவிட்டது. சரியாக ஓராண்டு கழித்து, அதே ஜனவரி 17இல், ஜப்பானின் கோபே நகரிலும் எஃகு மூட்டுகள் முறிந்தன.

விரிசல் இருந்தது வெல்டிங்கில். உடனே வாய்க்கு வந்ததென்ன? "வெல்டர் ஒழுங்காக வேலை செய்யவில்லை!" எளிதல்லவா? ஏணியின் உச்சியில் நிற்பவனுக்குத்தானே பழி ஏற்றவும் எளிது!

ஆராய்ந்தார்கள். உண்மை வெளிவந்தது. வேலையில் குறை இருந்த இடமும் உண்டு. ஆனால் அது ஒன்றே காரணமன்று. வெல்டிங்குக்குக் கொடுத்த கம்பியே அதிர்ச்சி தாங்காத வகை. அடியில் வைத்த தகட்டை அகற்றாமல் விட்டதால் அங்கே ஒரு வெட்டுவாய். விரிசல் அதிலிருந்து புறப்பட்டது. உத்திரத்தின் கீழ்ப்பட்டையை மேலேயிருந்து குனிந்து, நடுத்தகடு மறிக்க, பாதி பாதியாகத்தான் பற்றவைக்க முடியும், வரைபடமே அப்படி. செலவைச் சுருக்க மூட்டுகளைக் குறைத்தார்கள், உத்திரங்கள் பருத்தன. சோதனை நடந்ததோ சிறிய உத்திரங்களில்! இத்தனையும் தீர்மானித்தவன் வெல்டரா?

பாடம் கற்றார்கள். பெரிய உத்திரங்களையே சோதித்தார்கள். கம்பியை மாற்றினார்கள். தூணுக்குச் சற்றுத் தள்ளி உத்திரத்தின் பட்டையை இருபுறமும் செதுக்கி, "வளைவதானால் இங்கே வளை" என்று எஃகுக்கே கட்டளையிட்டார்கள். உத்திரத்தைவிடத் தூண் வலிது என்பது விதி. உத்திரம் வளைந்தால் தளம் சேதமாகும்; தூண் வளைந்தால் கட்டடமே கவிழும்.

நம் நாட்டிலும் விதிநூல் இருக்கிறது: ஐ.எஸ். 800, 2007ஆம் ஆண்டுப் பதிப்பு. அது பேசுவது ஆங்கிலம். மூட்டைப் பற்றவைக்கும் தோழன் பேசுவது தமிழ். இருவருக்கும் இடையே நிற்பவர் கூலியையும் கம்பியையும் குறைத்து லாபம் பார்க்கும் ஒப்பந்தக்காரர் என்றால், மூட்டின் கதி என்ன?

ஆகவே கேட்கிறோம். மூட்டு வரைபடத்தின் குறிப்புகளைத் தமிழில் எழுதிக் கையில் கொடுங்கள். எந்தக் கம்பி என்று வரைபடம் சொல்கிறதோ, அதையே ஈரம் படாமல் வைத்துக் கொடுங்கள். சாயம் அடிக்குமுன் மூட்டைச் சோதித்து, சோதித்தவர் கையெழுத்திடட்டும். வாசலுக்கு இடைஞ்சல் என்று குறுக்குக் கம்பியை அறுக்கச் சொல்பவர், அந்த உத்தரவை எழுத்தில் தரட்டும். வாயால் சொல்லிவிட்டுப் பிறகு வாய் மூடிக்கொள்ள வேண்டாம்!

தோழர்களே! கூரையின் கீழே உறங்குவது நம் மூட்டை. வேலை செய்வது நம் பிள்ளை. புயல் தேதி கேட்டு வராது. நிலம் தகவல் சொல்லி நடுங்காது. மூட்டைச் சோதிக்கும் நாள், அது முறிவதற்கு முந்திய நாளாக இருக்கட்டும்!