ஒதுக்கி வைத்ததால் அடங்கவில்லை தொழுநோய்

சோழவரம், செங்குன்றம் பக்கம் தொழுநோய் பற்றிப் பேச்செடுத்தால், "அந்தக் காலத்துல ஊருக்கு வெளியே கொண்டுபோய் வெச்சாங்க, அதான் அடங்குச்சு" என்பார்கள். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்கு வரும் வடமாநிலத் தொழிலாளர்களையும் அப்படியே ஒதுக்க வேண்டும் என்ற பேச்சும் இப்போது அதோடு சேர்ந்துகொண்டது. இரண்டும் தவறு.

ஒதுக்கினால் பரவாது என்கிறார்கள். தொழுநோய்க் கிருமி மிக மெதுவாகப் பெருகுவது. உடம்பில் புகுந்து அறிகுறி தெரியவே சராசரியாக 5 ஆண்டு ஆகும், 20 ஆண்டுகூட ஆகலாம். விரல் மடங்கிய ஒருவரை ஊர் கண்டுபிடித்துத் துரத்தும் நேரத்தில், பரவ வேண்டியது எப்போதோ பரவியிருக்கும். பெரும்பாலோருக்கு இந்தக் கிருமியை எதிர்க்கும் சக்தி இயல்பிலேயே உண்டு என்பதையும் யாரும் சொல்வதில்லை.

ஒதுக்கலை ஈவிரக்கமில்லாமல் நடத்திப் பார்த்த இடம் கொரியா. 1916இல் ஜப்பானிய ஆட்சி சொரோக்தோ தீவில் தொழுநோய் மருத்துவமனை தொடங்கியது. நோயாளிகளையே செங்கல் அறுக்க வைத்தார்கள். சேர்ந்து வாழ விரும்பிய தம்பதிகளுக்குக் கருத்தடை செய்தார்கள்; நாடு விடுதலை பெற்ற பிறகும் அந்தக் கொடுமை தொடர்ந்தது. அதற்கு அரசு இழப்பீடு தர வேண்டும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது 2017இல்தான்.

இங்கேயும் 1898ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருந்தது. அது பிடித்து அடைக்கச் சொன்னது நோயுள்ள ஏழைகளை. வசதியுள்ளவர் வீட்டிலேயே இருந்தார். கிருமி பணம் பார்த்தா ஒட்டுகிறது? 2016இல்தான் அந்தச் சட்டத்தை நீக்கினார்கள்.

அடக்கியது மருந்து. செங்கல்பட்டை அடுத்த திருமணியில் 1924இல் தொடங்கிய தொழுநோய் இல்லம்தான் இன்றைய மத்திய தொழுநோய் ஆய்வு நிறுவனம். நீரடிமுத்து எண்ணெயை ஊசியாகப் போட்ட காலம் அது. வலி அதிகம், பலன் குறைவு. 1940களில் டாக்டர் ராபர்ட் காக்ரேன் அங்கே டாப்சோன் கொடுத்துப் பார்த்தார். பிறகு கிருமி அந்த மருந்துக்கும் பழகிவிட்டது. அதனால் 1981இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. 1983இல் இந்தியாவில் 10,000 பேருக்கு 57க்கு மேல் இருந்த நோயாளிகள், 2005 முடிவில் ஒருவருக்கும் கீழே வந்தார்கள். 1898 முதல் சட்டம் போட்டு ஒதுக்கியும் வராத பலன் இது.

நோய் அதிகமுள்ள மாநிலங்களிலிருந்து தொழிலாளர்கள் வருகிறார்களே என்றால், உண்மைதான். உலகின் புதிய நோயாளிகளில் பாதிக்கும் மேல் இந்தியாவில்தான். பீகாரிலும் சத்தீஸ்கரிலும் பாதிப்பு கூடுதல். ஆனால் கூட்டு மருந்தில் ஒன்றான ரிஃபாம்பிசினின் முதல் தவணை உள்ளே போன சில நாளிலேயே நோய் பரவும் வாய்ப்பு பெருமளவு அற்றுவிடுகிறது. மாதம் ஒருமுறை சுகாதார ஊழியர் முன்னால் ஒரு தவணை விழுங்க வேண்டும், மீதியை அட்டையிலிருந்து தினமும் எடுத்துக்கொள்ள வேண்டும்; நோயின் அளவைப் பொறுத்து 6 அல்லது 12 மாதம். இதில் உள்ள குளோஃபாசிமின் என்ற மருந்து தோலைக் கருக்க வைக்கும். நிறம் மாறினால் மேஸ்திரி கேட்பார், வேலை போகும் என்று பயந்து மாத்திரையை நிறுத்துபவரிடம் நோய் தங்கிவிடுகிறது. விரட்டினாலும் அதே கதிதான்.

ஆலை, குடோன் ஒப்பந்ததாரர்களே, லைன் வீட்டுக்காரர்களே: மாத்திரை வாங்கப் போகும் நாளில் கூலியைப் பிடிக்காதீர்கள், அறையைக் காலி செய்யச் சொல்லாதீர்கள். உணர்ச்சியில்லாத தேமல் யாருக்கு இருந்தாலும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். மருந்து அங்கே இலவசம்.