முதல் இருபது வாரங்கள்

பி.எஸ்சி. நர்சிங் படிப்புக்கான திருத்திய விதிமுறைகளை இந்திய நர்சிங் கவுன்சில் 2021 ஜூலையில் அரசிதழில் வெளியிட்டது. ஆண்டுத் தேர்வு போய் எட்டு செமஸ்டர்கள் வந்தன. 1947ஆம் ஆண்டுக் கவுன்சில் சட்டத்துக்கு மாற்றாக, தேசிய நர்சிங் மற்றும் மிட்வைஃபரி ஆணையச் சட்டமும் 2023இல் நிறைவேறிவிட்டது. பாடத்திட்டம் இனி ஆணையத்தின் பொறுப்பு. அதன் மறுபரிசீலனை முதல் செமஸ்டரில் தொடங்க வேண்டும்.

கிரெடிட் முறையில் நன்மை உண்டு. ஸ்கில் லேபுக்குத் தனி நேரம் ஒதுக்கியதால், மேனிக்கின் மீது பழகிய பிறகே மாணவி நோயாளியைத் தொட முடிகிறது. சிக்கல் கால அளவில் இருக்கிறது. ஆங்கிலத்துக்கு 40 மணி நேரம்; உடற்கூறியல், உடலியங்கியல், சமூகவியல், உளவியல் ஒவ்வொன்றுக்கும் 60; நர்சிங் ஃபவுண்டேஷன்ஸ் வகுப்புக்கு 120, லேபுக்கு 80, கிளினிக்கலுக்கு 160. ஆக 640 மணி நேரத்தை 20 வாரங்களில் முடித்தாக வேண்டும். முடிவில் இரண்டு பல்கலைக்கழகத் தாள்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு பாடங்கள். பழைய முறையில், தடுமாறித் தொடங்கிய மாணவி தேறிவர ஓர் ஆண்டு இருந்தது. இப்போது ஐந்தாவது மாதத்திலேயே அரியர் விழுகிறது.

இந்த நெருக்கடி எல்லோரையும் ஒரே அளவில் அழுத்துவதில்லை. தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வந்தவரைத்தான் அது கடுமையாகத் தாக்குகிறது. வார்டில் ஒரு மூதாட்டி "நெஞ்செல்லாம் கரிக்குதும்மா, எந்திரிச்சா கிறுகிறுன்னு வருது" என்கிறார். மாணவிக்கு உடனே புரிகிறது. ரத்த அழுத்தத்தைப் படுக்கவைத்தும் நிற்கவைத்தும் சரியாகவே பார்க்கிறார். ஆங்கிலத்தில் எழுத வேண்டிய கேர் பிளானை எடுத்ததும் பேனா நின்றுவிடுகிறது. கேட்டது, பார்த்தது, செய்தது அனைத்தும் சரியாக இருந்தும் மதிப்பெண் குறைகிறது. கவனிப்பில் குறையில்லாத ஒருவர் தம்மைத் தகுதியற்றவர் என்று நம்பத் தொடங்குவது இங்கேதான். அடுத்து வருவது விடுப்பு. பிறகு 80 சதவீத வருகைப்பதிவுக்கான போராட்டம். 40 மணி நேர ஆங்கில வகுப்பு மற்றப் பாடங்களோடு சேர்ந்தே நடப்பதால், அது கைகொடுக்கும் முன் தேர்வு வந்துவிடுகிறது.

இதற்குத் தீர்வு தெரியாமல் இல்லை. எம்.பி.பி.எஸ். மாணவருக்கு 2019 முதல் படிப்பின் தொடக்கத்திலேயே அடித்தளப் பயிற்சி உண்டு. மொழித்திறனும் கணினித்திறனும் அதில் அடக்கம். அதே மருத்துவமனையில், அதே நோயாளியிடம், மருத்துவரைவிட அதிக நேரம் நிற்கப்போகும் நர்சிங் மாணவிக்கு அந்த 640 மணி நேரத்தில் அப்படி ஒன்று இல்லை. மருத்துவருக்கு அவசியமானது செவிலியருக்கு எப்படித் தேவையற்றதாகும்? நர்சிங் கல்வியை இரண்டாம் இடத்தில் வைத்தே பழகிய அதிகாரம்தான் இதையும் பொருட்படுத்தவில்லை. சேர்க்கை இடங்களை எண்ணுவதில் காட்டும் அக்கறை, சேர்ந்தவர் நிலைக்கிறாரா என்பதில் இல்லை.

வேண்டுவன மூன்று. முதல் செமஸ்டர் வகுப்புகளுக்கு முன் அடித்தளக் காலத்தை ஆணையம் கட்டாயமாக்க வேண்டும். இருமொழிக் கலைச்சொற் கையேட்டைப் பல்கலைக்கழகம் ஒவ்வொரு மாணவிக்கும் வழங்க வேண்டும். முதல் செமஸ்டரின் செய்முறை, வாய்மொழி மதிப்பீடுகளில் தமிழில் விடையளிக்க அனுமதி வேண்டும். ஆணை வரும்வரை கல்லூரிகள் காத்திருக்கத் தேவையில்லை. கையேட்டுப் பணியை ஃபவுண்டேஷன்ஸ் ஆசிரியர்கள் இந்தக் கல்வியாண்டிலேயே தொடங்கலாம்.