நடப்பாரும் தானியங்கி வண்டியும்

ஓட்டுநரின்றி ஓடும் மோட்டார் வண்டிகளைப் பற்றிப் பேசுவோர் அவற்றின் கட்புலனையே பெரிதும் வியக்கின்றனர். கண்டால் மட்டும் போதுமோ? கண்ட மனிதர் அடுத்த கணம் எத்திசையில் அடியெடுத்து வைப்பார் என்று உய்த்துணர்தலே அரிய செயல் என்பது எமது துணிபு.

2018ஆம் ஆண்டு மார்ச் 18ஆந் திகதி இரவு, ஐக்கிய அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து டெம்பி நகரிலே, துவிச்சக்கர வண்டியைத் தள்ளிக்கொண்டு வீதியைக் கடந்த பெண்ணொருவர், ஊபர் நிறுவனத்தின் பரீட்சார்த்த வண்டி மோதி உயிர்நீத்தார். மறு ஆண்டு அந்நாட்டுத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை வெளியிட்ட முடிபுகள் சிந்தித்தற்குரியன. மோதுவதற்கு 5.6 வினாடி முன்னரே வண்டியின் கருவிகள் அவரைக் கண்டுவிட்டன. ஆயின், கணனியோ அவரை ஒருகால் வாகனம் என்றும், ஒருகால் வேறு பொருள் என்றும், ஒருகால் துவிச்சக்கர வண்டி என்றும் மாறிமாறிக் கொண்டது. பெயர் மாறுந்தோறும் அவர் அதுவரை நடந்துவந்த தடத்தைக் கணக்கிற் கொள்ளாது விட்டது. அன்றியும், பாதசாரிக் கடவைக்குப் புறம்பாகவும் மக்கள் வீதியைக் கடப்பர் என்னும் எண்ணமே அதன் அமைப்பில் இடம்பெறவில்லை. விதி தவறாத மாந்தர் வாழும் நகரம் எங்குளதோ, நாம் அறியோம். வண்டியுள் இருந்த கண்காணிப்பாளர் வீதியை நோக்காதிருந்தமையையே சபை முதற்காரணமாகக் காட்டிற்று. அதனை நாம் மறுக்கவில்லை. எனினும் அமைப்பின் குறை அதனால் மறைந்துவிடாது.

இதற்கு மறுதலையான குறையும் உண்டு. சனநெரிசலிடையே செல்லும் இயந்திரம், ஒவ்வொருவரையும் தனித்தனியே வைத்து அவர் செல்லக்கூடிய இடமனைத்தையும் அஞ்சிக் கணித்தால், எவ்வழியும் அடைபட்டதாகவே அதற்குத் தோன்றும். நின்ற இடத்திலேயே நின்றுவிடும். இதனை 2010இல் ட்ரௌட்மன், கிரௌஸ் என்னும் ஆய்வாளர் எடுத்துக்காட்டினர். நாம் சிறிது ஒதுங்க, எதிரே வருபவரும் சிறிது ஒதுங்குவர். கூட்டத்தில் வழி பிறப்பது அவ்வாறன்றோ? 1995இலேயே ஹெல்பிங், மொல்நார் என்போர் நடையை விசைகளாகக் கணித்திருந்தனர்: சேருமிடம் ஈர்க்கும், அருகிலுள்ளோர் விலக்குவர்.

நடப்பாரைச் சட்டத்தாலும் வேலியாலும் அடக்கிவிட்டால் தொல்லை ஒழியும் என்பாரும் உளர். நாம் உடன்படோம். குழந்தைகளும் முதியோரும் பார்வை குன்றியோரும் வீதிக்கு உரியவரே. பின்வந்த இயந்திரமே அவர்தம் போக்கைக் கற்றல் வேண்டும்.

இத்துறையிற் புக விரும்பும் எமது கல்லூரி மாணவர், கணிதப் பயிற்சியோடு, ஒரு மாலைப்பொழுது சந்தை வாயிலில் நின்று, யார் எவருக்கு வழிவிடுகின்றார், அடியெடுத்து வைக்குமுன் முகம் எப்பக்கம் திரும்புகின்றது என்பவற்றையும் ஏட்டிற் குறித்து வருவாராக.